பனியும் பூவும்

எங்கள் பள்ளிக்கூடத்தின் வடக்குத் தாழ்வாரத்தில் நின்று பார்த்தால் நீலகிரி மலை தெரியும். மழை பெய்து ஓய்ந்த காலை வேளைகளில் அது மிகவும் கிட்ட வந்து, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல நிற்கும். பதினெட்டு வருஷமாக நான் அந்தத் தாழ்வாரத்தில் நின்று அந்த மலையைப் பார்த்துக் கொண்டிருக்கிறேன். பதினெட்டு வருஷமாக அதே தாழ்வாரத்தை அடுத்த வகுப்பறையில், குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்திணைப் பாடமும் நடத்திக் கொண்டிருக்கிறேன். இவ்விரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கக்கூடும் என்று எனக்கு ஒரு நாளாவது தோன்றியதில்லை.

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பில் கபிலரின் குறிஞ்சிப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது தமிழ் படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். அவற்றை மூச்சு விடாமல் ஒப்பித்துக் காட்டுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அன்றும் ஒப்பித்தேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒப்பித்து முடித்ததும், மூன்றாவது பெஞ்சியிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"ஐயா, இவற்றில் எத்தனை பூவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?"

அந்தப் பெண் குறும்பு செய்கிறவள் அல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள். நான் மனத்திற்குள் விரல் மடக்கிப் பார்த்தேன். தாமரை, ஆம்பல், தாழை, புன்னை, சண்பகம்... எல்லாம் குளத்திலும் கோயில் நந்தவனத்திலும் கண்டவை. மலையிலே பூத்து, மலையிலேயே நான் கண்ட பூ என்று ஒன்றுகூட இல்லை! "அடுத்த பாடத்தில் பார்க்கலாம்" என்று சொல்லி உட்கார வைத்தேன். உபாத்தியாயர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் எத்தனை முறை கைகொடுத்திருக்கிறது என்பதை உபாத்தியாயர்களே அறிவார்கள்.

ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் மைத்துனர் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழையது என்று எனக்குக் கொடுத்துவிட்டுப் போன டிஜிட்டல் காமிரா ஒன்று அலமாரியில் உறங்கிக் கொண்டிருந்தது. அதை எடுத்துத் தூசி தட்டினேன். முன்பனிக் காலத்தில் ஒரு முறையும், பின்பனிக் காலத்தில் ஒரு முறையும், இளவேனிலில் ஒரு முறையுமாக, ஒரே மலைப் பள்ளத்தாக்குக்கு மூன்று தடவை போய், அங்கே பூப்பதையெல்லாம் படம் பிடித்து வந்து வகுப்பில் காட்டுவது என்று தீர்மானித்தேன். "நம் கல்யாணத்தின்போதுகூடக் காமிராவைத் திரும்பிப் பார்க்காதவருக்கு இப்போது என்ன வந்தது?" என்று என் மனைவி கேட்டாள். மாணாக்கி கேட்ட கேள்விக்கே பதில் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த நான், இதற்கு என்ன பதில் சொல்வேன்?

முன்பனி

மார்கழி மாதத்தில், அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள், மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினேன். 46 கிலோமீட்டர் தூரத்தை ஏறிக் கடக்க இந்த ரயிலுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வேண்டும். கல்லாற்றைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் ஆரம்பமாகிறது. எஞ்சினிலுள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. 1899-ல் குன்னூர் வரையிலும், 1908-ல் உதகமண்டலம் வரையிலும் போடப்பட்ட இந்தப் பாதையை, 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அவசரக்காரர்கள் பஸ்ஸில் போகலாம். பூப் பார்க்கப் போகிறவனுக்கு இந்த வேகமே அதிகம்.

உதகையிலிருந்து மேற்கே, அவலாஞ்சிக்குப் போகும் வழியில் ஒரு படகர் கிராமம். அங்கே என் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர். நாங்கள் இருவரும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள். அவருடைய வீட்டில் அவரும், அவர் மனைவியும், எண்பது வயதை எட்டிய அவருடைய தாயாரும் இருக்கிறார்கள்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குச் சிநேகிதர் என்னை எழுப்பினார். வாசலில் வைத்திருந்த வாளித் தண்ணீரின்மேல் கண்ணாடித் தகடு போல ஐஸ் படிந்திருந்தது. கம்பளியையும் குல்லாயையும் மாட்டிக்கொண்டு அரை மைல் நடந்து, ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் போய் நின்றோம். கீழ்வானம் வெளுத்தபோது நான் கண்ட காட்சியை என்னவென்று சொல்வேன்! பள்ளத்தின் அடிப்பாகம் முழுவதும், யாரோ இரவோடிரவாக உப்பளம் ஒன்றைக் கொண்டுவந்து பரப்பிவிட்டுப் போனது போல வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஆனால் அந்த வெண்மை சரிவில் பாதி தூரம்வரைதான் இருந்தது. அதற்கு மேலே, மலையின் மடிப்புகளில், சோலைக்காடு கருநீலமாகப் பனி படாமல் நின்றது.

"உயரத்தில்தானே குளிர் அதிகம்? பனி ஏன் பள்ளத்தில் கிடக்கிறது?" என்று கேட்டேன்.

"குளிர்ந்த காற்று கனமானது, ஸார்! மேகமில்லாத இரவில் நிலம் தன் சூட்டையெல்லாம் ஆகாயத்துக்கு விட்டுவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து, பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. நீங்கள் பார்ப்பது ஒரு குளம், குளிர்க்காற்றுக் குளம். ஐப்பசி, கார்த்திகையில் முதலில் நீர்ப்பனி விழும். அப்புறம் இந்த உறைபனி" என்றார் சிநேகிதர்.

இன்னொரு விஷயமும் சொன்னார். சோலை மரங்களின் விதை பள்ளத்தில் விழுந்து முளைத்தாலும், இளங்கன்று இந்த உறைபனியில் கருகிப் போய்விடும். பள்ளத்தாக்கின் அடியும் திறந்த சரிவும் புல்வெளியாகவும், மடிப்புகள் மட்டும் சோலையாகவும் இருப்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் காரணங்களில் இது முக்கியமான ஒன்று. காட்டை அழித்ததனால் உண்டான வெற்று நிலம் அல்ல இந்தப் புல்வெளி. சோலையைப் போலவே அதுவும் ஆதியானது.

நான் காமிராவை எடுத்தேன். இரண்டு படம் எடுப்பதற்குள் அது கண்ணை மூடிவிட்டது. குளிரில் பாட்டரி சோர்ந்து போய்விடுமாம். சிநேகிதர் அதைக் கழற்றித் தம் சட்டையின் உள்பையில் ஐந்து நிமிஷம் வைத்திருந்து கொடுத்தார். உயிர் வந்தது. பிறகு எடுத்த படங்களைப் பார்த்தால், வெள்ளிப்பனி எல்லாம் அடுப்புச் சாம்பலாக விழுந்திருந்தது! உலகத்தில் உள்ள எல்லாக் காட்சியும் சராசரியாகச் சாம்பல் நிறந்தான் என்பது காமிராவின் கொள்கை. வெண்மை மிகுந்த காட்சியைக் கண்டால், வெளிச்சம் அளவுக்கு மீறிவிட்டதென்று எண்ணி அதைக் குறைத்துவிடுகிறது. ஆகையால் பனியைப் படமெடுப்பவன், காமிரா வேண்டாமென்று சொன்னாலும் கேட்காமல், வெளிச்சத்தை ஒரு படியோ ஒன்றரைப் படியோ கூட்டி வைக்க வேண்டும். இதைக் கற்றுக்கொண்டு நான் நிமிர்ந்தபோது, சூரியன் எதிர்க்குன்றின்மேல் தலை காட்டினான். கால் மணி நேரத்தில் வெண்மையெல்லாம் ஆவியாக எழும்பி மறைந்தது. புல் பழுப்பு நிறமாகக் கிடந்தது. வீட்டுக்குள் வந்து அடுப்பங்கரையில் காமிராப் பையைத் திறந்தேன். கண்ணாடி முழுவதும் முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டது. குளிரிலிருந்து வந்த காமிராவை ஒரு மணி நேரமாவது பையிலேயே மூடி வைக்க வேண்டும் என்பது அன்றைய கடைசிப் பாடம்.

"பூ ஒன்றையும் காணோமே!" என்று சிநேகிதரிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

"மாசியில் வாருங்கள்" என்றார்.

பின்பனி

மாசி மாதத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மறுபடியும் போனேன். சிநேகிதருக்கு ஊரில் ஏதோ காரியம்; ஆகையால் அதே வழியில் நான் மட்டும் தனியே நடந்தேன். முன்பு நின்ற இடத்தைத் தாண்டி, அடுத்த மேட்டில் ஏறி, அந்தப் பக்கத்துப் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். அப்படியே மலைத்துப் போய்விட்டேன்.

பள்ளத்தாக்கு முழுவதும் பொன்! ஓர் இலைகூடத் தெரியாதபடி, மரம் மரமாக, சின்னஞ்சிறு மஞ்சள் உருண்டைகளாகப் பூத்துக் குலுங்கிற்று. மாலை வெயில் பட்டபோது, மஞ்சள் பொடியை வாரி வீசியது போல ஆகாயமே மஞ்சளாயிற்று. இனிய மணம் ஒன்று காற்றில் மிதந்து வந்தது. கபிலர் இதைப் பார்த்துவிட்டுத்தான் பாடியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. முக்காலியை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருட்டும்வரை படமெடுத்தேன். அவற்றுள் ஒன்று மிக நன்றாக வந்திருந்தது. இடது ஓரத்தில் மட்டும், மேட்டின்மேல் தனியாக ஒரு கோணல் மரமும், அதில் சிவப்பாக ஏதோ திட்டுத் திட்டாகவும் விழுந்து, படத்தின் பொன்மயத்தைக் கெடுத்தன. கோயமுத்தூரில் பெரிதாக்கக் கொடுக்கும்போது, அந்த ஓரத்தை வெட்டிவிடச் சொன்னேன்.

படம் வந்தது. சட்டம் போட்டோம். தலைமை ஆசிரியர் தம் கையாலேயே அதை எங்கள் வகுப்பறைச் சுவரில் மாட்டினார். அடியிலே, "குறிஞ்சி நிலம்" என்று கொட்டை எழுத்தில் நான் எழுதி ஒட்டினேன். மூன்றாவது பெஞ்சிப் பெண் நெடுநேரம் அதையே பார்த்துக் கொண்டிருந்தாள். "இது என்ன பூ, ஐயா?" என்று கேட்டாள். "வேங்கையாக இருக்கலாம்" என்றேன். வேங்கைப் பூவும் மஞ்சள்தானே என்ற தைரியம்!

இளவேனில்

சித்திரை பிறந்து, முழு ஆண்டுப் பரீட்சையும் முடிந்தது. அந்தப் படத்திலேயே இன்னொரு பிரதி எடுத்து, காகிதத்தில் சுற்றி, சிநேகிதர் வீட்டுக்குப் பரிசாகக் கொண்டு போனேன். சிநேகிதர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தம் தாயாரிடம் கொடுத்தார். அந்த மூதாட்டி படத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இது நம்ம மேல் பள்ளந்தானே?" என்றார். குன்றின் கோட்டைக் கொண்டே இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்! பிறகு படத்தின் இடது ஓரத்தை விரலால் தடவினார். "இங்கே மேட்டிலே பூமரம் ஒண்ணு இருக்குமே, அது எங்கே தம்பி? விழுந்துட்டுதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லை அம்மா, மரம் இருக்கிறது. நான்தான் படத்தில் அதை வெட்டிவிட்டேன்" என்றேன்.

கிழவியார் சிரித்தார். கோபமோ பரிகாசமோ அந்தச் சிரிப்பில் இல்லை. "நம்ம மரத்தை வெட்டிட்டுச் சீகையைப் படம் பிடிச்சிருக்கியே, தம்பி!" என்றார்.

அப்புறந்தான் விஷயம் விளங்கிற்று. நான் கண்ட பொன்மயம் வேங்கையும் அல்ல, குறிஞ்சி நிலத்து மரம் எதுவும் அல்ல. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரம். நீலகிரியில் அதைச் சீகை என்கிறார்கள். 1819-ல் கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் ஸல்லிவன் இந்த மலைமேல் ஏறி வந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளைக்காரர்கள் வீடு கட்டிக்கொண்டு குடியேறினார்கள். வீட்டுக்கு விறகு வேண்டியிருந்தது. சோலை மரமோ மெதுவாக வளர்வது. ஆகவே சீக்கிரம் வளரும் மரங்களைத் தேடினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாட்டில் வந்தது; 1840-களில் யூகலிப்டஸ் வந்தது. ஜலதோஷம் வந்தால் நாம் மூக்கில் தடவிக்கொள்கிறோமே, அந்த "நீலகிரித் தைலம்" தருகிற மரமும் நீலகிரியில் பிறந்தது அல்ல! முள் நிறைந்த மஞ்சள் பூப் புதரான கோர்ஸ் என்பது ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஓடைக்கரையில் வெண்சங்கு போலப் பூக்கிற ஆரம் லில்லி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. முன்பு நான் எடுத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகச் சிநேகிதரிடம் காட்டினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேசத்தின் பெயரைச் சொன்னார். பூகோளப் பரீட்சையில் தோற்ற பையனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளைக்காரர்களோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அவர்கள் போன பிறகும், தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும், ஆலைக்குக் கூழ்மரம் வேண்டும் என்று, நாமே பல்லாயிரம் ஏக்கர் புல்வெளியில் அதை நட்டோம். "புல்வெளி வெறும் நிலந்தானே!" என்ற எண்ணந்தான் காரணம்.

"நானுந்தான் நட்டிருக்கேன்" என்றார் மூதாட்டி. "கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதுசு. நாள் கூலிக்கு மேல் பள்ளத்திலே கன்று வெச்சோம். அதுக்கு முன்னாலே அது எருமை மேய்கிற புல்லு. நடுவிலே ஓடை. பங்குனியிலேயும் கணுக்கால் நனையும். இப்போ தை தாண்டினா ஓடையிலே கல்லுதான் தெரியுது. கூலி வந்துது, வீட்டிலே அடுப்பு எரிஞ்சுது. ஓடை போகும்னு அப்போ யாருக்குத் தெரியும்?"

அவர் சொன்னது கிழவியின் வெறும் நினைவு அல்ல. நீலகிரியில் கிளென்மார்கன் என்னும் இடத்தில், புல்வெளிப் பள்ளம் ஒன்றையும் யூகலிப்டஸ் நட்ட பள்ளம் ஒன்றையும் ஒப்பிட்டுப் பல வருஷம் அளந்திருக்கிறார்கள். மரம் நட்ட பள்ளத்தில் முதல் பத்து வருஷத்தில் நீர்வரத்துச் சுமார் 16 சதவிகிதம் குறைந்ததாகக் கண்டார்கள். நட்டது யூகலிப்டஸானாலும் சீகையானாலும், வேகமாக வளர்கிற மரத்துக்குத் தாகமும் அதிகந்தான். புல்வெளியோ மழையைப் பஞ்சு போல உறிஞ்சி, சதுப்பில் தேக்கி வைத்து, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செண்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அப்படிக் கொட்டுகிற மழையைப் பிடித்து வைப்பதற்கு மலைக்கு இருக்கிற உண்டியல் அந்தப் புல்வெளியும் சதுப்புந்தான். பவானி ஆறு பிறப்பது இந்த மேட்டு நிலத்தில். கேரளத்துக்குள் போய்த் திரும்பி, மேட்டுப்பாளையத்தின் வழியாகப் பாய்ந்து, கடைசியில் காவிரியில் கலக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்துக் குழாயில் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் அந்தப் பவானித் தண்ணீர். அந்தக் குழாய்க்கு நேர் எதிர்ச் சுவரில் சீகைப் பூவை மாட்டி வைத்து, "குறிஞ்சி நிலம்" என்று பெயரும் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்!

முழங்காலில் நின்று

மறுநாள், வனத்துறையாரின் அனுமதி பெற்று, அவர்களுடைய வண்டியிலேயே, புல்வெளி இன்னும் மிச்சமிருக்கும் ஒரு பகுதிக்குப் போனோம். வழிகாட்டியாக வந்த வனக்காவலர் ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி, "இறங்கிப் பாருங்க, ஸார், பூவெல்லாம் இருக்கு" என்றார். நான் சுற்றிலும் பார்த்தேன். புல், மேலும் புல். "எங்கே?" என்றேன். "மண்டி போடுங்க" என்றார்.

முழங்காலிட்டுக் குனிந்தேன். அப்போதுதான் கண் திறந்தது. கோடை மழை ஒன்றிரண்டு பெய்து துளிர்த்த புல்லுக்கிடையில், விரல் நகத்தைவிடச் சிறியதாக, நல்ல நீல நிறத்தில், நட்சத்திரம் போல ஒரு பூ. ஜென்ஷியன் வகையைச் சேர்ந்தது. காமிராவைச் சரி செய்வதற்குள் மேகம் மூடிற்று. பூவும் இதழைச் சுருக்கிக்கொண்டது. இருபது நிமிஷம் மண்டியிட்டபடியே காத்திருந்தேன். வெயில் வந்தது, மெல்ல விரிந்தது. காற்றில் அது ஆடாதிருக்க, சிநேகிதர் தம் தொப்பியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு படத்துக்காக நான் செலவழித்த நேரத்தில், மாசி மாதத்தில் நாற்பது படம் எடுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தன. ஊதா நிறத்தில் வயலட் பூ. ரோஜா நிறத்தில் பூத்துக் கிடந்த தவிட்டுப்பழச் செடி. சோலையின் ஓரத்தில், மரத்தைப் பற்றி ஏறி வெள்ளையாகப் பூத்திருந்த காட்டு ரோஜா. இது இந்த மலைகளுக்கே உரியது. சோலையோ அந்த இளவேனிலில் பச்சையாகவே இல்லை! கொழுந்து விடும் காலமாகையால், நாவல் இனத்து மரங்களெல்லாம் தாமிர நிறமும் குங்கும நிறமுமாகத் துளிர்த்து, காடே பூத்தது போலிருந்தது. அதன் உள்ளே உயரமான ஒரு மரத்தைக் காட்டி, "மலைச் சண்பகம்" என்றார் வனக்காவலர். உச்சியில் ஒன்றிரண்டு வெண்பூக்கள் தெரிந்தன. என் காமிராவுக்கு எட்டவில்லை.

திறந்த சரிவில், தனித் தனியே, கோணலும் முடிச்சுமாகப் பூமரங்கள் நின்றன. இவற்றைக் காட்டுப் பூவரசு என்றும் சொல்வார்கள், ஆங்கிலத்தில் ரோடோடெண்ட்ரான். மார்கழி முதல் பங்குனி வரையில் இதன் சிறந்த காலம். நாங்கள் போனபோது கடைசிப் பூங்கொத்துகள் சிலவே இருந்தன. இரத்தச் சிவப்பு! உறைபனியையும் காட்டுத்தீயையும் தாங்கும் தடித்த பட்டை உள்ளதால்தான் மற்ற மரங்கள் பிழைக்காத புல்வெளியில் இது நிற்கிறது. இதிலே பெரிய ஆச்சரியம் என்னவென்றால், இதன் நெருங்கிய உறவு மரம் இருப்பது இமயமலையில்! நேபாளத்துக்குத் தேசியப் பூ அது. உத்தராகண்டத்துக்கு மாநில மரம். நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு இந்த மரமே கிடையாது. உலகம் குளிர்ந்திருந்த பழைய யுகத்தில் தெற்கு வரையில் பரவி, பிறகு வெப்பம் ஏறியபோது மலையுச்சிகளில் மட்டும் தங்கிவிட்டது என்று ஊகிக்கிறார்கள். வடக்கும் தெற்கும் ஒரே நாடு என்று மேடையில் ஏறி நாம் பேசுகிறோம். இந்த மரம் அதை எத்தனையோ காலமாகப் பேசாமலே சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த மரத்தைத்தான் நான் படத்தின் ஓரத்திலிருந்து வெட்டினேன்.

திரும்பும்போது சதுப்பு ஒன்றைத் தாண்டினோம். தோடர்கள் தங்களுடைய பால்மனைக் கோயிலுக்குக் கூரை வேய்வது, இத்தகைய சதுப்பில் வளரும் ஒரு விசேஷப் புல்லைக் கொண்டு. சதுப்புகள் குறையக் குறைய அந்தப் புல்லும் அருகி வருகிறது. அதன் தாவரவியல் பெயரில் ரங்காச்சாரி என்ற பெயர் கலந்திருக்கிறது. 1921-ல் தென்னிந்தியப் புற்களைப் பற்றி ஒரு நூல் எழுதிய ரங்காச்சாரியார் நம்மவர். புல்லைப் பற்றி நம்மில் ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்பே நூல் எழுதியிருக்கிறார். நானோ அந்தப் புல்லைத் தாண்டிக்கொண்டு போய்ச் சீகையைப் படமெடுத்தேன்.

அன்று மாலை சிநேகிதர் இன்னொரு சங்கதியும் சொன்னார். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், கம்பெனி உத்தியோகத்தில் சென்னை ராஜதானிக்கு வந்தவர். 1838 முதல் 1853 வரையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாவரப் படங்களை வெளியிட்டார். நீலகிரிப் பூக்களுக்கென்றே தனி நூலும் கொண்டுவந்தார். அந்தப் படங்களை வரைந்தவர்கள் முக்கியமாக ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள் இருவர். வைட் நன்றியுள்ளவர். ஓர் ஆர்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். பிற்காலத்துத் தாவர சாஸ்திரிகள் அதை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டதால், அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை. காமிராவும் மின்சார விளக்கும் இல்லாத காலத்தில், ஒரு பூவின் இதழையும் மகரந்தத்தையும் தனித்தனியே பிரித்து வைத்து, பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குத் தட்டுப்பட்டதில்லை. ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, அடியில் பெயரும் எழுதி மாட்டிக்கொண்டவன் நான்.

இதைப் படித்துவிட்டு, அந்நியச் செடி எல்லாவற்றையும் பிடுங்கி எறிய வேண்டுமென்று நேயர்கள் கிளம்பிவிட வேண்டாம். நீலகிரியின் உருளைக்கிழங்கும் காரட்டும் தேயிலையும் வெளியிலிருந்து வந்தவைதாம். அந்தக் குளிரில் எனக்கு உயிர் கொடுத்தது தேநீர்தான். வந்த இடத்தில் பாத்தியோடு நிற்பவை அவை. பாத்தியைத் தாண்டி, வீட்டுக்காரரை வெளியே தள்ளுகிறவைதான் தொல்லை. அவற்றை அகற்றுவதும் லேசான வேலை அல்ல. சீகையின் விதை மண்ணுக்குள் பல வருஷம் உறங்கும்; மரத்தை வெட்டிவிட்டாலோ தீ வைத்தாலோ கூட்டமாக எழுந்து வரும். நிழலில் சோலைக்கன்றுகள் முளைத்திருக்கும் இடங்களில் அவசரப்பட்டு வெட்டுவதும் கூடாது என்கிறார்கள். 2022-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்திருக்கிறது. வெட்டுவதோடு நில்லாமல், புல்லைத் திரும்பவும் நட்டு, வருஷக்கணக்கில் களை எடுத்துக் காக்க வேண்டும். நட்டது ஒரு தலைமுறை. பிடுங்குவதற்கு எத்தனை தலைமுறையோ!

ஆனி மாதத்தில் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், அந்தப் பழைய மாணாக்கர்களை, இப்போது பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டவர்களை, அழைத்து உட்கார வைத்தேன். "நான் உங்களுக்குத் தவறாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்" என்று ஆரம்பித்தேன். பதினெட்டு வருஷத்தில் இந்த வாக்கியத்தை வகுப்பில் நான் சொன்னது அதுவே முதல் தடவை. சொல்வதற்கு முன்னால் தொண்டை அடைத்தது. சொன்ன பிறகு ஆகாயம் இடிந்து விழவில்லை. பொன்னிறப் படத்தின் கதை முழுவதையும் சொன்னேன். வெட்டாத முழுப் படத்தையும், உறைபனிப் படத்தையும், சின்ன நீலப் பூவையும் காட்டினேன். 99 பூக்களில் எத்தனை பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டேன். மலைச் சண்பகத்தைக் கபிலரின் சண்பகத்துக்கு உறவென்று கணக்கில் சேர்த்தால் ஒன்று, சேர்க்காவிட்டால் பூஜ்யம். காந்தளும் வேங்கையும் இன்னும் தாழ்ந்த சரிவுகளில், வேறு காலங்களில் பூப்பவை. நீலக்குறிஞ்சி மூணாறுப் பக்கத்தில் 2006-லும் 2018-லும் பூத்தது, இனி 2030-ல்தான்.

மூன்றாவது பெஞ்சிப் பெண் எழுந்தாள். "அந்தச் சிவப்பு மரத்தை ஏன் வெட்டினீர்கள், ஐயா?"

"படம் அழகாக இருக்க வேண்டுமென்று" என்றேன்.

அவள் சற்று நேரம் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "மரம் இருக்கிற படந்தான் நன்றாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பழைய படத்தை நான் எடுத்துவிடவில்லை. பக்கத்திலேயே முழுப் படத்தையும் மாட்டியிருக்கிறேன். "குறிஞ்சி நிலம்" என்ற சீட்டைக் கிழித்துவிட்டு, பழையதன் அடியில் "சீகை - ஆஸ்திரேலியா" என்றும், புதியதன் அடியில் "மேல் பள்ளம், ஓரத்தில் பூமரம்" என்றும் எழுதி ஒட்டினேன். அதற்கு மேல் எழுத எனக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை.

வருகிற முன்பனிக் காலத்தில் குடும்பத்தோடு நீலகிரிக்குப் போகிறவர்கள் நேயர்களில் பலர் இருப்பார்கள். எல்லோர் கையிலும் இப்போது காமிரா உள்ள டெலிபோன் இருக்கிறது. தாராளமாகப் படம் எடுங்கள், பூவை மட்டும் பறிக்காதீர்கள், புல்லை மிதிக்காதீர்கள். எடுத்த படத்தை ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு முதியவரிடம் ஒரு தரம் காட்டிவிடுங்கள். படத்தில் நீங்கள் எதை விட்டுவிட்டீர்கள் என்பதை அவர் சொல்லிவிடுவார்.